தவமலர் நிற்க வேண்டிய இடம்

தவமலருக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்பவர்கள் அவளைச் சரியாக அறியாதவர்கள். ஆங்கிலம் தெரியும். அதில் பொய் சொல்லத்தான் தெரியாது. தமிழில் என்றால் ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்து, பூசி மெழுகி, கேட்டவருக்கும் நோகாமல் தனக்கும் சேதமில்லாமல் சொல்லி முடித்துவிடுவாள். ஆங்கிலத்தில் அதற்கெல்லாம் சொல் கைவசம் இல்லை. இருக்கிற நாலு சொல்லை வைத்து உள்ளதை உள்ளபடி போட்டு உடைப்பாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் அவளைப் பிடித்து ஆட்டிய சங்கடம் முழுவதும் இந்த ஒரு குணத்தால் வந்தது.

அவளுடைய ஒரே மகள் மயூரிக்குப் பன்னிரண்டு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளை வயதுக்கு வந்து பெரியபிள்ளையாகிவிட்டாள். தவமலர் அழுதாள், சிரித்தாள், பிறகு மார்க்கம் நகரில் இருக்கும் ரதி மச்சாளுக்கு ஃபோன் எடுத்தாள். ரதி, இறந்துபோன கணவரின் அக்கா. தாயையும் மகளையும் ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிட்டவள் அவள்தான். முதல் இரண்டு வருடம் தன் வீட்டு பேஸ்மென்டில் வைத்துச் சோறு போட்டவளும் அவள்தான். அந்த நன்றி தவமலரின் தோளில் ஒரு மூட்டையாக எப்போதும் இருந்தது. இறக்கி வைக்க இடமும் கிடைக்கவில்லை, இறக்கலாம் என்று ஒருவரும் சொல்லவும் இல்லை.

ரதி மச்சாள் பனியைக் கிழித்துக்கொண்டு அவர்கள் இருக்கும் ஸ்காபரோவுக்குக் கார் ஓட்டி வந்தாள். பிள்ளைக்கு மாமி முறை அவளுக்கு. முதல் தண்ணீர் வார்ப்பது மாமியின் உரிமை. குளியலறைக்குள் மயூரி உடுத்த துணியோடு குந்தியிருக்க, ரதி வாளியைத் தூக்கினாள். தவமலர் துவாயை எடுத்துக்கொண்டு வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"நீர் உங்காலை நில்லும். நல்ல காரியத்திலை முன்னுக்கு வராதையும்," என்றாள் ரதி. கோபமாகச் சொல்லவில்லை. கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் போகிற குழந்தையை விலக்குகிற மாதிரிச் சொன்னாள்.

தவமலர் துவாயைக் கதவுப் பிடியில் தொங்கவிட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். மனம் நோகவில்லை. நோக வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. கணவனை இழந்தவள் ஆலாத்தி எடுப்பதில்லை, அறுகு வைப்பதில்லை, தண்ணீர் வார்ப்பதில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல அது அவளுக்குத் தெரிந்த விஷயம். முகத்தில் வழிந்த ஈர முடிக்குள்ளால் மயூரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

கை ஈரம் காயுமுன் ரதி ஒழுங்குகளைச் சொல்லி முடித்தாள். பிள்ளை அறைக்குள்தான் இருக்க வேண்டும். ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது. தட்டு வேறு, கோப்பை வேறு. விடிய நல்லெண்ணெயும் பச்சை முட்டையும், பிறகு உளுத்தங்களி. ஐயர் ஒரு நாள் பார்த்துச் சொல்லுவார், அன்றைக்குத் திரும்பத் தண்ணீர் வார்த்துத் துடக்கு என்கிற தீட்டைக் கழித்த பிறகுதான் பள்ளிக்கூடம். சித்திரையில் பெரிய மண்டபம் எடுத்து, வீடியோ பிடித்து, ஊரைக் கூட்டிச் சடங்கு. மண்டபக்காரனோடு அவள் ஏற்கெனவே கதைத்துவிட்டிருந்தாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் வந்தது. உதவி அதிபர். ஆம்பிளைக் குரல். மயூரி ஏன் வரவில்லை?

இங்கேதான் விஷயம் கெட்டது. காரணத்தை ஒரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது? தவமலருக்கு முகம் சூடேறியது. காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் ஆங்கிலத்தில் பொய் வராது என்று முதலே சொன்னேனே. காரணத்தை மட்டும் விழுங்கிவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னாள். பிள்ளை அறைக்குள் இருக்கிறாள். வெளியே விடமாட்டோம். ஆண்கள் பார்க்கக்கூடாது. சாமான்களைத் தொடக்கூடாது. தட்டும் கோப்பையும் தனி. எத்தனை நாளைக்கு என்று அவர் கேட்டார். "பூசாரி சொல்லும்வரை," என்றாள்.

மறுமுனையில் பேனா எழுதும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர் மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக நன்றி சொன்னார். எவ்வளவு மரியாதையான ஆள் என்று நினைத்துக்கொண்டு தவமலர் வேலைக்குப் போனாள்.

வேலை ஒரு லோன்ட்ரியில். வீட்டு உடுப்புத் தோய்க்கிற கடையல்ல, ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மலைமலையாக வந்து இறங்குகிற தொழிற்சாலை. ஈர விரிப்பின் இரண்டு மூலையை இரண்டு பெண்கள் பிடித்துச் சுடுகிற உருளைக்குள் நேராகக் கொடுக்க வேண்டும். மறுபக்கம் மூன்றாவது பெண் அதை வாங்கி மடிப்பாள். ஒரு மூலையில் தவமலர். மறுமூலையில் கிளடிஸ், ஜமேக்காவிலிருந்து இருபது வருடத்துக்கு முன் பணக்கார வீட்டில் பிள்ளை பார்க்க வந்தவள். தன்னுடைய பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு அடுத்தவர் பிள்ளைகளை வளர்த்தவள். உருளைக்கு மறுபக்கம் மக்டலீன். மக்டலீனை முதல் பார்த்தபோது தவமலர், நீங்கள் எந்த நாட்டிலிருந்து எப்போது வந்தீர்கள் என்று விசாரித்தாள். மக்டலீன் விரிப்பை மடித்துக்கொண்டே, "நான் வரேல்லை. நீங்கள் எல்லாரும்தான் வந்தனீங்கள்," என்றாள். பெரிய ஏரிகளுக்கு வடக்கே, இந்த மண்ணின் ஆதிக்குடிகளின் கிராமம் ஒன்றில் பிறந்தவள் என்பது பிறகு தெரிந்தது.

மூவரும் கதைப்பது ஆங்கிலம்தான். ஆனால் கிளடிஸின் ஆங்கிலம் ஒரு மாதிரி, மக்டலீனுடையது இன்னொரு மாதிரி. இரண்டும் தவமலரின் காதுக்குள் போய் யாழ்ப்பாணத் தமிழாகித்தான் அவளுக்கு விளங்கும். இங்கேயும் அப்படியே எழுதப்படுகிறது. தவமலர் என்ற பெயர் மட்டும் அவர்கள் வாயில் தாவா.

உதவி அதிபருக்கு ஃபோனில் சொன்னதைத் தவமலர் பெருமையாகச் சொன்னாள். கிளடிஸ் விரிப்பைக் கைநழுவ விட்டாள். அது கோணலாக உருளைக்குள் போய்ச் சுருண்டது, மெஷின் நின்றது, மேற்பார்வைக்காரன் தூரத்திலிருந்து கத்தினான்.

"நீ என்ன சொன்னனீ? திருப்பிச் சொல்லு."

தவமலர் திருப்பிச் சொன்னாள். சொல்லச் சொல்ல, அது வேறொருவர் வாயிலிருந்து வருவதுபோல அவளுக்கே கேட்டது.

"கடவுளே," என்றாள் கிளடிஸ். "தாவா, அவங்கள் வருவாங்கள். பிள்ளைகளின்ரை பாதுகாப்பைப் பாக்கிற அரசாங்கக் கந்தோர்க்காரர். பிள்ளையைப் பூட்டி வச்சிருக்கிறாய் எண்டு நீயே உன்ரை வாயாலை சொல்லிப்போட்டாய்."

"பூட்டேல்லை. கதவுக்குப் பூட்டே இல்லை."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்."

மயூரியைக் கொண்டுபோய்விடுவார்களா? மண்ணெண்ணெய் வாங்கப் போன கணவர் செல் குண்டடியில் திரும்பி வராமல் போன நாளிலிருந்து அவளுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான். அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவள் நாட்டை விட்டாள். இங்கே ஒரு ஃபோன் கதையில் அதைத் தொலைத்துவிட்டாளா?

மக்டலீன் உருளையைச் சுற்றி வந்து தவமலரின் முன் நின்றாள். "கதவைத் திறக்காதை. பிள்ளையை இண்டைக்கே வேறை ஆரின்ரையும் வீட்டிலை விடு. அந்த ஆக்கள் சிரிச்சுக்கொண்டுதான் வருவினம். என்னைக் கொண்டுபோகேக்கை எனக்கு மிட்டாய் தந்தவை. எனக்கு நாலு வயசு. அம்மாவைத் திரும்பக் கண்டுபிடிச்சனான், ஆனால் கல்லறையிலை. சுதந்திரம் சுதந்திரம் எண்டு எல்லாரும் கத்துகினம். எங்கடை பிள்ளையை எங்களோடை இருக்க விடுறது, அவ்வளவுதான் சுதந்திரம்."

"திறக்காட்டிப் பொலிசோடை வருவாங்கள்," என்றாள் கிளடிஸ். "திற. ஆனால் தனிய இருக்காதை. எங்கடை பொம்பிளையளுக்கு ஒரு வழக்கம் இருக்கு. ஒருத்தியின்ரை வீட்டுக்குக் கந்தோர்க்காரர் வந்தால் இன்னொருத்தி போய்ப் பக்கத்திலை இருப்பம். பேசத் தேவையில்லை. இருந்தாலே போதும். நான் வாறன்."

இரண்டு பேரும் அவளிலுள்ள அக்கறையில்தான் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று நேர் எதிராகச் சொன்னார்கள். தவமலருக்கு இரண்டும் சரியாகத்தான் பட்டது, அதுதான் தொல்லை.

மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியது. சாப்பாட்டு நேரத்தில் மக்டலீன் சடங்கைப் பற்றிக் கேட்டாள். தவமலர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மக்டலீனின் முகம் மாறியது.

"எங்கடை பக்கத்திலையும் இருந்தது. அந்த வயசிலை பெட்டையள் ஒரு வருசத்துக்கு ஸ்ட்ரோபெரி மாதிரிப் பெரிப் பழம் தொடமாட்டினம். பிறகு எல்லாப் பொம்பிளையளும் கூடிப் பழம் ஊட்டுவினம். எனக்கு அந்த வயசு வந்தபோது நான் தெற்கிலை ஒரு வெள்ளைக்காரற்றை பண்ணையிலை. அவை ஒரு நாப்கின் பெட்டியைத் தந்து பாத்ரூமைக் காட்டினவை, அவ்வளவுதான். எங்கடை சடங்குகள் கனக்கச் சட்டத்தாலை தடுக்கப்பட்டது. நீ செய். இருக்கிறதுக்குள்ளை பெரிய மண்டபம் எடுத்துச் செய்."

தவமலருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நான் செய்வது சும்மா ஊர்ப் பழக்கமல்ல, ஒரு எதிர்ப்பு. அப்படி யாராவது இதுவரை அவளுக்குச் சொன்னதுண்டா?

கிளடிஸ் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். "மயூரியைக் கேட்டியா?"

"என்னத்தை?"

"தன்ரை உடம்பிலை நடந்ததை ஊர் முழுக்கக் கூப்பிட்டுச் சொல்ல அவளுக்கு விருப்பமோ எண்டு. எங்கடை ஆக்களின்ரை உடம்பை அடிமைச் சந்தை மேடையிலை ஏத்தி நிப்பாட்டி ஆள் ஆளாய்ப் பாத்த காலம் ஒண்டு இருந்தது, தாவா. என்ரை உடம்பை ஆர் பாக்கிறது, எப்ப பாக்கிறது எண்டு நான்தான் சொல்லுவன். நான் அதுக்குப் பேர்தான் சுதந்திரம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

நிமிர்ந்த நெஞ்சு திரும்பத் தாழ்ந்தது. தவமலர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். ஊரில் மதிலுக்கு மதில் விடுதலை என்று எழுதியிருந்தது. ஒலிபெருக்கி விடிய விடிய அதைத்தான் சொன்னது. அது என்ன என்று அவள் யாரையும் கேட்டதில்லை, அவளையும் யாரும் கேட்டதில்லை. மதிலில் இருந்தபோது அது ஒரே ஒரு சொல்லாக இருந்தது. இங்கே லோன்ட்ரிச் சாப்பாட்டு மேசையில் அது இரண்டு சொல்லாகி அவளுடைய இரண்டு கையையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தது.

"சரி, மண்டபத்திலை நீ எங்கை நிப்பாய்?" என்று கிளடிஸ் கேட்டாள். "மேடையிலை, அவளுக்குப் பக்கத்திலையா?"

"நானோ? நான் சமையல் பக்கம்."

இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். தவமலர் விளக்கினாள். கணவன் செத்தவள், நல்ல காரியம், முன்னுக்கு வரக்கூடாது. இதையும் ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்ததால் பூசி மெழுக முடியவில்லை. "நான் தொட்டால் பிள்ளைக்குக் கூடாது," என்றுதான் அது வெளியே வந்தது.

மக்டலீன் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். கிளடிஸ் பெரிதாக மூச்சு விட்டாள். "எந்த வீட்டுக்கும் போ. அங்கை சமையலறையிலை நிக்கிறவளைக் கேள், இஞ்சை ஆர் சுதந்திரமாய் இருக்கினம் எண்டு. அவளுக்குத்தான் சரியான மறுமொழி தெரியும்."

தவமலருக்குக் கோபம் வந்தது. இவளுக்கு என்ன தெரியும் எங்கள் வழக்கத்தைப் பற்றி என்று நினைத்தாள். அன்று முழுவதும் விரிப்பின் மூலையைக் கிளடிஸின் முகத்தைப் பாராமலே பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோர்க்காரி வந்தாள். வருவதாக முதல் நாளே ஃபோனில் சொல்லியிருந்தாள். மயூரியை வேறு வீட்டில் விடவா, கதவைத் திறக்கவா என்று இரவெல்லாம் யோசித்தும் தவமலர் ஒரு முடிவுக்கும் வரவில்லை. முடிவுக்கு வராதவர்களின் வீட்டில் பிள்ளை வீட்டில்தான் இருக்கும். கிளடிஸ் சொன்னபடி வந்து, சோபாவின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கோபத்தோடுதான் தவமலர் அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தாள். ஆனால் அவள் வந்ததும்தான் சன்னலுக்கும் கதவுக்கும் நடப்பதை நிறுத்தினாள். மக்டலீனும் கிளடிஸோடு வந்தாள், ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. "அந்த ஆக்கள் இருக்கிற அறைக்குள்ளை என்ரை கால் நிக்காது," என்று சொல்லி அடுக்குமாடியின் எலிவேற்றருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

வந்தவள் ஒரு சின்னப் பெண். குளிரில் மூக்குச் சிவந்திருந்தது. வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவள் சொக்ஸில் பெருவிரல் பக்கம் ஓட்டை. இவளையா நான் பேய் பிசாசு என்று பயந்தேன் என்று தவமலருக்கு ஒரு நிமிடம் தோன்றியது. உடனே மக்டலீனின் மிட்டாய் ஞாபகம் வந்தது. பாவம் என்று நினைப்பதா பயப்படுவதா என்றே தெரியவில்லை.

பிள்ளையோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றாள் வந்தவள்.

"அறைக் கதவு இவ்வளவு திறந்திருக்கும்," என்று கிளடிஸ் கையை அகட்டிக் காட்டினாள். வந்தவள் ஒத்துக்கொண்டாள்.

அறைக்குள் குரல்கள் கேட்டன. ஆங்கிலம் வேகமாக ஓடியது. மயூரியின் ஆங்கிலத்தைத் தாயால் ஒருநாளும் பிடிக்க முடிந்ததில்லை. கிளடிஸ் காதைத் தீட்டிக் கேட்டாள், முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. தவமலர் சமையலறைக்கும் சோபாவுக்கும் இடையில் நின்றாள். பிள்ளை என்ன சொல்கிறாள்? முட்டையும் எண்ணெயும் தொண்டைக்குள் இறங்கவில்லை என்று முதல் நாள் அழுதாளே, அதைச் சொல்கிறாளா? வீடியோ வேண்டாம் என்று காலைத் தரையில் உதைத்தாளே, அதையா? சொல்லட்டும், எல்லாவற்றையும் சொல்லட்டும், ஆனால் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே பிள்ளை என்று மனதுக்குள் கெஞ்சினாள்.

வந்தவள் வெளியே வந்தாள். பின்னால் மயூரி, கையைக் கட்டிக்கொண்டு, அப்பாவின் அதே இறுகிய வாயோடு.

அந்தப் பெண் தவமலருக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாகவே பேசினாள். மயூரி நன்றாகத்தான் இருக்கிறாள். என்ன நடந்தது என்று விவரமாகச் சொன்னாள், எனக்கு விளங்குகிறது. திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும், அதற்கு மேல் பிந்தக்கூடாது. பிறகு சற்றுத் தயங்கினாள். "இந்த வீட்டிலை உன்னை ஆரும் அடைச்சு வச்சிருக்கினமா எண்டு கேட்டனான். தன்னை இல்லையாம். அம்மாவைத்தானாம். அந்த விழாவிலை நீங்கள் சமையலறையிலைதான் நிக்க வேணுமாம். மகளைத் தொடக்கூடாதாம். உங்களை ஆர் தடுக்கிறது?"

ஆயிரம் கேள்விக்கு மறுமொழி தேடி வைத்திருந்தாள் தவமலர். பூட்டில்லாத கதவைக் காட்ட இருந்தாள். களியில் என்ன சத்து என்று சொல்ல இருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. ரதி மச்சாளா தடுக்கிறாள்? அவள் சொன்னாள், ஆனால் கையைப் பிடித்து இழுக்கவில்லையே. ஐயரா? ஊரா? செத்துப்போன மனுசனா? ஒவ்வொரு முகமாக மனதில் வந்து வந்து போனது. ஒரு முகமும் நிற்கவில்லை.

"ஒருத்தரும் இல்லை," என்றாள் ஆங்கிலத்தில். "நானாத்தான்."

அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. வேறு சொல் வரவில்லை.

அந்தப் பெண் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனாள். கிளடிஸ் மயூரியை இழுத்து அணைத்து, இந்த வாய்க்கு ஒரு குறையும் வராது என்றாள். மக்டலீன் எலிவேற்றர் கீழே போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். "அவள் தனியத்தான் போறாளோ எண்டு பாக்கத்தான் நிண்டனான்," என்றாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. தவமலர் அவளைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள்.

நடந்ததைக் கிளடிஸ் சொல்லக் கேட்ட பிறகு மக்டலீன் கையிலிருந்த கிளாசைக் கீழே வைத்தாள். "பெரிய மண்டபம் எடுத்துச் செய் எண்டு நான்தான் சொன்னனான். எங்கடையை அவங்கள் பறிச்சாங்கள். உன்ரை சடங்கு உன்னையே வெளியிலை விடுது. இதுக்கு என்ன சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்லை, தாவா."

அவர்கள் இருட்டுமுன் பஸ் எடுக்கப் போனார்கள். தவமலர் ரதிக்கு ஃபோன் எடுத்தாள்.

"மச்சாள், திங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகவேணுமாம். அதுக்கு முதல் தண்ணி வாக்கவேணும். நாளைக்கு, நாளண்டைக்கு உங்களுக்கு வரேலுமோ?"

"ஐயர் வாற வியாழன்தான் நாள் எண்டு சொல்லிப்போட்டார். நாள் இல்லாமல் நான் வாளி தூக்கமாட்டன்."

"அப்ப நான் வாக்கிறன்."

"நீரோ?" என்றாள் ரதி. "ஆர் உமக்கு உதெல்லாம் சொல்லித் தாறது? உம்மோடை வேலை செய்யிற அந்தக் கறுப்பியே?"

"இல்லை மச்சாள். மயூரி."

ரதியின் குரல் இறங்கியது. திட்டியிருந்தால் தவமலர் தாங்கியிருப்பாள். ரதி திட்டவில்லை, அழுதாள். "மலர், என்ரை தம்பியின்ரை மிச்சம் அந்தப் பிள்ளை ஒண்டுதான். உமக்கு என்னிலை கோவம் எண்டால் என்னைப் பேசும். பிள்ளையிலை விளையாடாதையும். நாளைக்கு ஏதும் ஒண்டு நடந்தால் ஆர் பொறுப்பு? நீர் தாங்குவீரோ?"

ஃபோனை வைத்த பிறகும் தவமலர் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை. கந்தோர்க்காரிக்குப் பயந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவளுக்கு முன்னால் நிற்கலாம், பக்கத்தில் கிளடிஸை இருத்தலாம், எலிவேற்றரில் மக்டலீனைக் காவல் வைக்கலாம். இதற்கு யாரை இருத்துவது? ரதி சொல்வது மூடத்தனம் என்று மண்டையின் ஒரு பாதி சொன்னது. அவர் மண்ணெண்ணெய் வாங்கப் போன அன்று காலையில் வாசலில் எதிரே வந்தவள் யார், எந்தக் காலை முதலில் வைத்தார் என்று இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிற மறுபாதி வாயை மூடிக்கொண்டு நடுங்கியது.

மயூரி அறை வாசலில் நின்றாள். "மாமி என்ன சொன்னவ?"

பொய் சொல்லியிருக்கலாம். தமிழில் அது அவளுக்கு நன்றாக வரும். ஆனால் அன்று பிள்ளை தாய்க்காகக் கதைத்திருந்தாள், அதற்குப் பிறகு பொய் வரவில்லை. சொன்னாள்.

மயூரி கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த இறுகிய வாய் மெல்லத் தளர்ந்தது. பெரிய மனுசிபோல அந்நியப் பெண்ணிடம் கதைத்த பிள்ளை, திரும்பப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையானாள்.

"அம்மா, நீங்கள் ஊத்தினால் எனக்கு ஏதும் நடக்குமா?"

தவமலர் வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்ல வேண்டும். கிளடிஸ் என்றால் ஒரு நொடியில் சொல்லியிருப்பாள். உலகத்தில் எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். அந்தச் சொல்லை அவளால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடமும் நல்லது நடக்கிற இடங்களிலெல்லாம் சமையல் பக்கம் ஒதுங்கி நின்றது பிள்ளைக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்றுதான். அது காவல் என்று நினைத்துத்தான் அங்கே நின்றாள், தண்டனை என்று நினைத்தல்ல. அந்த இடத்தைவிட்டு வெளியே வந்தால் அது விடுதலையா, காவலைக் கைவிடுவதா?

"தெரியாது பிள்ளை," என்றாள். கண்ணீர் வந்தது. "எனக்கு உண்மையாத் தெரியாது. எனக்குப் பயமாக் கிடக்கு."

மயூரி சொண்டைக் கடித்தபடி யோசித்தாள். அவளுக்கும் பயம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. குளியலறை வாசல்வரை போனாள், நின்றாள், திரும்பி வந்தாள். தாயின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஐ டோன்ட் நோ ஐதர்," என்றாள். "அப்ப, ஊத்திப் பாப்பம் அம்மா."

தவமலர் வாளியைத் தூக்கினாள். நாள் பார்க்கவில்லை, அறுகு இல்லை, தேங்காய் இல்லை. பிள்ளை குந்தியிருந்து கண்ணை இறுக்கி மூடி, ஏதோ விழப்போவதற்குக் காத்திருப்பதுபோலத் தோளை ஒடுக்கிக்கொண்டிருந்தாள். தாயும் கண்ணை மூடினாள். பாராமல் ஊற்றியதில் தண்ணீர் பாதி மயூரியின் தலையிலும் பாதி தன் காலிலும் விழுந்தது.

"சுடுது அம்மா," என்றாள் மயூரி. "கொஞ்சம் பச்சைத் தண்ணி விடுங்கோ."